புதன் கிரகத்தில் ஒரு பள்ளம் கேட்டவர்

ஆவுடையம்மாள் இறந்த செய்தி எனக்கு இந்தியில் வந்தது. அவர் மகன் கணேஷ், "ஆன்ட்டி, மம்மி நஹீ ரஹீ, சுபஹ் ஆட் பஜே" என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான். காலை எட்டு மணிக்குப் போயிருக்கிறார். நான் பார்த்தபோது மணி பத்தரை. மாட்டுங்கா மார்க்கெட்டில் கையில் ஒரு வாழைப்பூவை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதைக் கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டு, கடைக்காரர் நகர்த்திப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

இந்த அம்மன் கொடைத் திருவிழா மலரில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். குழாயடியில் வரிசை தாண்டி வருகிறவர்களைப் பின்னால் அனுப்புகிறவராகத் தெரியும். அம்மன் கொடையில் மைக்கைப் பிடுங்கியவராகவும் தெரியும். மைக்கைப் பிடுங்கியதில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் விசாலம். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்தது எல்லாம் மாட்டுங்கா. செம்பூரில் பள்ளிக்கூடங்களுக்குத் தேசப்படங்களும் சார்ட்டுகளும் அச்சடித்து விற்ற ஒரு கம்பெனியில் நான் ஸ்டெனோ. ஆவுடையம்மாள் அங்கே பேக்கிங்கில் இருந்தார். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவர் என்னை மேடம் என்றும் நீங்க என்றும் கூப்பிட்டார், நான் அவரை நீ என்று கூப்பிட்டேன். ஆபீசில் அப்படித்தான் வழக்கம், அதில் ஏதாவது தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பல வருடம் கழித்து ஒருநாள் நான் நீங்கள் என்று ஆரம்பித்தபோது, "இந்த வயசுக்கு மேல நீங்கன்னு சொன்னா, எனக்குப் பின்னால யாரோ நிக்காவளோன்னு திரும்பிப் பாக்கத் தோணுது மேடம்" என்றார். அதனால் பேச்சில் கடைசிவரை நீதான். எழுத்தில் அவர் என்றே எழுதுகிறேன். இதற்கு அவர் ஆட்சேபம் சொல்ல முடியாது.

பேக்கிங்கில் சார்ட்டுகளை அச்சடித்த பக்கம் கீழே இருக்கும்படி போட்டுச் சுருட்டுவார்கள். ஆவுடையம்மாள் மட்டும் படம் மேலே தெரியும்படி போட்டுச் சுருட்டுவார். மை ஒட்டிக்கொள்ளும் என்று சூப்பர்வைசர் எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறார். "காஞ்சுதா இல்லையான்னு என் விரலுக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சுருட்டுவார். காரணம் வேறு. சுருட்டிக்கொண்டே படிப்பார். தாராவி முனிசிபல் பள்ளியில் ஏழாவது வரை படித்த படிப்பு. இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பார். ஆப்பிரிக்காவின் நதிகள், இதயத்தின் அறைகள், தவளையின் குடல் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் மானேஜருக்குத் தெரியாது.

அப்படித்தான் ஒருநாள் மத்தியானம் புதன் கிரகத்தின் சார்ட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஏதோ விஞ்ஞானக் கண்காட்சிக்கு வந்த ஆர்டர் அது. என் டைப்ரைட்டர் மேலேயே விரித்துப் போட்டார்.

"மேடம், இது எந்த ஊரு?"

"ஊர் இல்லை. புதன்னு ஒரு கிரகம். இந்த வட்டமெல்லாம் அதுல இருக்கற பள்ளம்."

"பள்ளத்துக்கா இம்புட்டுப் பேரு?"

கீழே போட வேண்டிய குறிப்புகளை நான்தான் டைப் செய்திருந்தேன். அந்தப் பெருமையில் விளக்கினேன். புதனில் இருக்கும் பள்ளங்களுக்கு ஓவியர்கள், கவிகள், சங்கீதக்காரர்கள் என்று கலைஞர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். அதற்கென்று வெளிநாட்டில் ஒரு குழு இருக்கிறது, உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் பெயர் எடுப்பார்கள் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டுக்காரவளும் இருக்காவளா?"

"இருக்காளே."

"அப்ப எங்கம்ம பேரையும் வைக்கலாம். அவளும் பாட்டுக்காரிதான்."

நான் சிரித்தேன். பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் பெண்ணும் சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் புதன் கிரகத்துக்கு யார் யாரோ போகலாம், தாராவியிலிருந்து ஒருத்தி போகக்கூடாது என்று எனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. ஆவுடையம்மாள் கோபப்படவில்லை. நாங்கள் அடங்கும்வரை நின்றார்.

"சிரிச்சு முடிச்சிட்டியளா? சரி, யாருக்கு எழுதணும், சொல்லுங்க."

அவருடைய அம்மாவின் பெயர் முப்பிடாதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து தாராவியில் குடியேறியவர். வில்லுப்பாட்டுப் பாடுவார். நீளமான வில்லில் மணிகளைக் கட்டி, கோலால் தட்டிக்கொண்டே அம்மன் கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்வது உங்களுக்குத் தெரியும். மாட்டுங்காவில் சபா கச்சேரி கேட்டு வளர்ந்த எனக்கு அது தெரியாது. ஒருநாள் பேக்கிங் அறையில், சார்ட் போடும் அட்டைக் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அம்மா பாடியதிலிருந்து நாலு அடி பாடிக் காட்டினார். தமக்கு வராது, அம்மாவுக்குத்தான் வரும் என்று முதலிலேயே சொல்லிக்கொண்டார். வரவும் இல்லை, சுதி எங்கெங்கோ போயிற்று. ஆனால் அந்த நாலு அடியில் ஒரு பெண் தன்னைக் கொன்றவனைப் பெயர் சொல்லி வாசலுக்குக் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் வேலை மும்முரமானது. பள்ளத்துக்குப் பெயர் வைக்கும் விதிகளை என் பேத்தி கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தாள். கலைஞர் இறந்து மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். முப்பிடாதி இறந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கலைஞர் என்று அறியப்பட்டவராக இருக்க வேண்டும், அதற்கு அச்சில் ஆதாரம் வேண்டும். ஆதாரம் இருக்கிறது என்று ஆவுடையம்மாள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே கொடை நோட்டீஸ்கள். மஞ்சள், ரோஸ், பச்சை என்று வருடத்துக்கு ஒரு நிறம், தொட்டால் ஒடிகிற காகிதம். ஒவ்வொன்றாக என் சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். எல்லாவற்றிலும் ஒரே வரிதான் இருந்தது: "சுடலைமுத்து குழுவினரின் வில்லிசை."

சுடலைமுத்து அவருடைய அப்பா. குடத்தில் தாளம் போட்டவர். கமிட்டியோடு பேசியவர் அவர், தாம்பூலம் வாங்கியவர் அவர், அதனால் நோட்டீஸிலும் அவர் பெயர். நடுவில் உட்கார்ந்து விடிய விடியப் பாடிய முப்பிடாதி 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் இருந்தார்.

இங்கே நான் ஒரு யோசனை சொன்னேன். அதை யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன்.

"ஆவுடை, அப்பா பேரு அச்சுல இருக்கே. அவர் பேர்லயே போட்டா என்ன? குடும்பத்துக்கு வர்ற மரியாதைதானே?"

அவர் நோட்டீஸ்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். அடுக்கி முடித்துப் பெட்டியை மூடிய பிறகுதான் பேசினார்.

"எங்கப்பா குடம் அடிச்சாரு மேடம். நல்லா அடிச்சாரு, குறை சொல்ல மாட்டேன். பாடினது எங்கம்ம. நீங்க டைப் அடிச்ச லெட்டர்ல மானேஜர் கையெழுத்துப் போட்ட மாதிரி நோட்டீஸுக்காரன் போட்டுட்டான். மேலயும் அப்படியே போவணுமா?"

மானேஜர் கையெழுத்தை இழுத்ததில் எனக்குச் சுருக்கென்றது. நான் காபி போட உள்ளே போய்விட்டேன்.

அச்சு இல்லையென்றால் ஆள் இருக்கிறார்கள் என்றார். முப்பிடாதி பாடிக் கேட்டவர்களைத் தேடி இருவரும் அலைந்தோம். பலர் தாராவியை விட்டுப் போயிருந்தார்கள், மான்குர்த், கோவண்டி என்று சிதறியிருந்தார்கள். மான்குர்தில் ஏழாவது மாடியில், லிப்ட் ஓடாத கட்டடத்தில் ஒரு அம்மாள் இருந்தார். "அவ பாட ஆரம்பிச்சான்னா எம்பிள்ளைக்குச் சோறு குடுக்கணும்னே மறந்துபோவும். பிள்ளை அழுதா, பக்கத்துல உள்ளவ அவன் வாயப் பொத்துவா" என்றார். கோவண்டியில் பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு பெரியவருக்குப் பேச்சே இல்லை என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். ஆவுடையம்மாள் அவர் காதருகே முப்பிடாதி என்று மட்டும் சொன்னார். அவர் வாய் கோணிக்கொண்டே ஒரு அடி பாடினார். சொல் எதுவும் விளங்கவில்லை, மெட்டு மட்டும் தெரிந்தது. அவருடைய மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்று கேட்டாள்.

இதையெல்லாம் நான் சுருக்கெழுத்தில் எடுத்து, இங்கிலீஷில் எழுதி, கைநாட்டுகளோடு விண்ணப்பத்தில் சேர்த்தேன். அந்தச் சமயத்தில்தான் அவர்கள் சந்தில் சர்வே வந்தது. புதுக் கட்டடம் கட்டுவதற்காக ஒவ்வொரு கதவிலும் எண் எழுதிவிட்டுப் போனார்கள். நான் போனபோது ஆவுடையம்மாள் தம் கதவிலிருந்த சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் அவர் பெயர்.

"மேல இருக்க குழிக்கெல்லாம் பேரு, இங்க குடியிருக்கவளுக்கு நம்பரு. நல்லாருக்குல்ல மேடம்?" என்றார். மழையில் அழியும், மறுபடி எழுதுவார்.

அந்த வெளிநாட்டுக் குழுவுக்கு எங்கள் கடிதம் போய்ப் பல மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அச்சு ஆதாரம் போதாது, ஆகவே புதன் கிரகத்துக்கு இந்தப் பெயரை எடுத்துக்கொள்ள இயலாது. ஆனால் வெள்ளி கிரகத்தில் பள்ளங்களுக்கெல்லாம் பெண்களின் பெயர்தான். பெரிய பள்ளங்களுக்குப் புகழ்பெற்ற பெண்கள், சிறியவற்றுக்கு உலக மொழிகளில் வழங்கும் சாதாரணப் பெண் பெயர்கள். முப்பிடாதி என்ற பெயரை அந்தச் சிறிய பள்ளங்களுக்கான பட்டியலில் பரிசீலிக்கலாம், சம்மதமானால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, கிங்ஸ் சர்க்கிளிலிருந்து டாக்ஸி பிடித்துத் தாராவிக்குப் போனேன். சந்துமுனையிலிருந்தே பேசிக்கொண்டு போயிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆவுடையம்மாள் கடிதத்தை முழுவதும் வாசிக்கச் சொன்னார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. இந்தப் பெயர் பொதுவாக வழங்கும் பெண் பெயரே, குறிப்பிட்ட எந்த நபரையும் குறிப்பதல்ல என்று விண்ணப்பதாரர் உறுதி சொல்ல வேண்டும்.

"அதத் திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன்.

"எங்கம்ம யாருமே இல்லன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"அப்படி இல்லை ஆவுடை. அது ஒரு ஃபார்மாலிட்டி. பேரு வந்துடும், பாரு. ஆகாசத்துல வந்துடும். உலகம் இருக்கற வரைக்கும் இருக்கும்."

"யாரு பேரு வரும்?"

"முப்பிடாதி."

"எந்த முப்பிடாதி?"

எங்கள் ஆபீசில் சம்மதம் தெரிவித்து எத்தனை ஆயிரம் கடிதம் தட்டியிருப்பேன், கையெழுத்துப் போட இடம் விட்டுக் கீழே உண்மையுள்ள என்று போட்டிருப்பேன். ஒரு வரிக்காக ஆகாசத்தை விடுகிறவளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை அலைச்சலுக்குப் பிறகு கிடைத்ததை வேண்டாம் என்கிறாயே, உனக்குத் திமிர் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை நான் சொன்னேன், மறைக்க விரும்பவில்லை.

"திமிருதான் மேடம்," என்றார் அவர். "அப்பா வேலைக்குப் போவாத நாள்ல எங்கம்ம சிப்பம் தூக்கினா. அவளுக்கு நோட்டீஸ்ல பேரு இல்ல, ரேஷன் கார்டுல பேரத் தப்பா எழுதுனான், செத்த அன்னைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுல இன்னாரு பெஞ்சாதின்னு போட்டான். எங்க போனாலும் அவ யாரோவாத்தான் இருந்தா. அங்கயும் போயி யாரோவா இருக்கணும்னா அவ எதுக்குப் போவணும்? வேண்டாம்னு எழுதுங்க. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க."

அவர் சொன்னார், நான் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டேன். மைசூர்பாகை அவர் மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பேசவில்லை. அவர் சும்மா இருக்கவும் இல்லை. அச்சில் பெயர் வேண்டுமென்றால் அச்சில் போட வைக்கிறேன் என்று கொடைக் கமிட்டிக்குப் போனார். இந்தப் பகுதி கமிட்டிக்காரர்களான உங்களுக்கே தெரியும், ஆனாலும் எனக்கு அவர் சொன்னபடி எழுதுகிறேன். அம்மாவின் பெயரை நோட்டீஸில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். செத்தவங்க பேரைக் கொடை நோட்டீஸில் போடுவது முறையில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். "கல்யாணப் பத்திரிகையில தாத்தா பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு போடுதிய. கல்யாணத்துக்கு ஆவும், கொடைக்கு ஆவாதோ?" என்று கேட்டிருக்கிறார். கொடைக்குக் குடும்பவாரியாகப் பிரிக்கிற தலைக்கட்டு வரி ஆண்கள் பெயரில்தான் இருக்கிறது, நோட்டீஸும் அப்படித்தான் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆவுடையம்மாள் அந்த வருடக் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர்கள் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது மேடையில் ஏறிவிட்டார்.

அன்று நானும் போயிருந்தேன். அழைப்பு எதுவும் இல்லை, பேசாமல் இருந்தது போதும் என்று நானாகப் போனேன். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் சொன்னது ரொம்பச் சின்னதுதான்.

"இந்த மேடையில இருபது வருசத்துக்கு மேல பாடினவ பேரு முப்பிடாதி. சுடலைமுத்து இல்ல, முப்பிடாதி. கேட்டவங்க இங்க இருக்கிய. கேட்டவங்க கையத் தூக்குங்க."

முதலில் யாரும் தூக்கவில்லை. மைக்கை வாங்க இரண்டு பேர் மேடைக்கு ஏறினார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. வளையல் போடாத, சுருங்கிய கை. அப்புறம் இன்னொன்று. மான்குர்த் அம்மாள் எப்படி ஏழு மாடி இறங்கி வந்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது, அவரும் தூக்கினார். நான் முப்பிடாதியைக் கேட்டவள் இல்லை. ஆனாலும் என் கையும் மேலே இருந்தது, எப்போது தூக்கினேன் என்று நினைவில்லை. மைக்கை வாங்க ஏறிய இருவரில் ஒருவர் தம் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

அடுத்த வருட நோட்டீஸில் அந்தப் பெயரை அச்சிட்டீர்கள். தெய்வத்திரு முப்பிடாதி அம்மாள், வில்லிசைக் கலைஞர் என்று இருந்தது. அதற்கு நன்றி, கேட்காமலே போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆவுடையம்மாள் ஒரு நோட்டீஸை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நோட்டீஸ் ஐம்பது வருடப் புகழ் ஆகாதே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியும் மேடம். இதுலேருந்து எண்ணட்டும். ஐம்பது வருசம் கழிச்சு எம்பேத்தி எழுதுவா. அதுக்குள்ள அவ இங்கிலீஷ் படிச்சிருவா, உங்கள எதிர்பாக்க வேண்டாம்."

பேத்திக்கு அப்போது நாலு வயது.

இந்த வருடம் அவருக்கு மூச்சிரைப்பு அதிகமாயிற்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து அம்மா பெயர் என்ன என்று கேட்டால், கேட்டது எதற்கென்று யோசிக்காமல், "முப்பிடாதி, வில்லுப்பாட்டுக்காரி" என்று சொல்லி, அதை எழுதிக்கொள்கிறாளா என்று பார்ப்பாராம். பாரத்தில் தாயார் பெயருக்குக் கட்டமே இல்லை என்று அவள் சொன்னால், ஓரத்தில் எழுது என்பாராம். இதை அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கணேஷ்தான் எனக்குச் சொன்னான்.

அவர் போன அன்று மத்தியானம் சந்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டத் தயாரானார்கள். பேனர் கடையிலிருந்து கணேஷின் போனுக்கு மாதிரி வந்தது. அமரர் முருகையா அவர்களின் மனைவி என்று போட்டிருந்தது. கணேஷுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது, என்னைப் பார்க்கச் சொன்னான். முப்பிடாதியின் மகள் என்று முதலில் போடு என்றேன். புருஷன் பெயர் இருக்கும்போது அம்மா பெயர் போடுகிற வழக்கம் இல்லை என்று அவன் சித்தப்பா சொன்னார். வழக்கம் இல்லை என்பது எனக்கும் தெரியும். கிடத்தியிருந்தவரின் தலைமாட்டில் நின்றுகொண்டு அதையே பேச எனக்கு வெட்கமாக இல்லையா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். எழுபது வயதில் முதல் தடவையாக ஒரு ஆண்பிள்ளையிடம் அப்படிப் பதில் சொன்னேன். பேனரில் இரண்டு பெயரும் வந்தன, அம்மா பெயர் மேலே.

இனிமேல் எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது.

பதினாறாம் நாள் கழிந்து கணேஷ் என் வீட்டுக்கு வந்தான். அந்த நோட்டீஸ் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை, சந்தும் எத்தனை நாள் இருக்குமோ தெரியாது, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். காபி குடித்துவிட்டுக் கேட்டான்.

"ஆன்ட்டி, அந்த வீனஸ்வாலா ஆஃபர், மம்மி வேணாம்னு சொன்னாங்கல்ல? அது இப்ப ஹோ சக்தா ஹை க்யா? மறுபடி எழுதினா குடுப்பாங்களா? நாம் தோ ரஹேகா, பேராவது இருக்கும்."

மறுபடி எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஏனென்றால் ஆவுடையம்மாள் சொல்லி நான் எழுதிய அந்த வேண்டாம் என்ற கடிதத்தை நான் அனுப்பவே இல்லை. சுருக்கெழுத்து நோட்டிலேயே இருந்தது. மனம் மாறுவார் என்று முதலில் வைத்திருந்தேன். அப்புறம், தெரியாமல் நானே சம்மதம் எழுதிவிடலாமா என்று வைத்திருந்தேன். அனுப்பியாயிற்றா என்று அவர் ஒரு தடவை கேட்டார், ஆயிற்று என்று பொய் சொன்னேன். நான் அனுப்பினேன் என்ற நம்பிக்கையோடு போய்விட்டார். அவருக்கு நான் செய்தது துரோகம், அதை அவரை அறிந்தவர்கள் முன்னால் சொல்லாமல் இந்த அஞ்சலியை முடிக்க முடியாது.

கணேஷிடமும் சொன்னேன். அவன், "அப்ப இன்னும் ஓபனாத்தான் இருக்கு, ஹான் போல் தோ நா ஆன்ட்டி, சரின்னு எழுதிடுங்க" என்றான். எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். கம்ப்யூட்டரைத் திறந்து சம்மதக் கடிதத்தைத் தட்ட ஆரம்பித்தேன். உறுதிமொழி வரி வந்ததும் கை நின்றுவிட்டது. திரையை அவன் பக்கம் திருப்பி, இதை வாசி என்றேன். இங்கிலீஷில் வாசித்தான். அர்த்தம் என்ன சொல் என்றேன்.

"யே நாம் கிஸீ கா நஹீ ஹை." இந்தப் பெயர் யாருடையதும் இல்லை. சொல்லிவிட்டுத் திரையையே பார்த்தான். "ஆச்சி கா ஹை நா?"

"ஆமாண்டா. உன் ஆச்சியோடதுதான்."

"தோ மத் போலோ ஆன்ட்டி. வேணாம்னே எழுதுங்க."

தட்டியதை அழித்தேன். சுருக்கெழுத்து நோட்டைத் தேடி எடுத்து, அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் இங்கிலீஷில் போட்டேன். முப்பத்து மூன்று வருடம் மற்றவர்களுக்காகக் கடிதம் தட்டியவள் நான். இதன் கீழே ஆவுடையம்மாளுக்காக விசாலம் என்று என் பெயரைப் போட்டேன், தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்றும் ஒரு வரி சேர்த்தேன். கணேஷ் பக்கத்திலிருந்து அனுப்பும் பொத்தானை அழுத்தினான்.

வெள்ளி கிரகத்தில் முப்பிடாதிக்கு இப்போது இடம் இல்லை. அதை இல்லாமல் செய்தவர்கள் நாங்கள்தான், அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. புதனுக்கான விண்ணப்பம் பெட்டியின் மேலேயே இருக்கிறது. வருகிற கொடை நோட்டீஸையும் அதில் சேர்ப்போம், அதற்கடுத்ததையும் சேர்ப்போம். ஆவுடையம்மாளின் பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பில் இங்கிலீஷ் வாசிக்கிறாள்.

ஆவுடையம்மாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தச் சுருக்கெழுத்துப் பக்கம் ஒன்றுதான். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு, ஆகவே அவர் சொன்னபடியே இங்கே எழுதிவைக்கிறேன்:

"ஐயா, உங்க லெட்டர் கிடைச்சுது, சந்தோசம். முப்பிடாதிங்கது ஒரு ஆளு. தாராவியில இருந்தா, பாடினா, செத்துப்போனா. அவ மக நான் உயிரோட இருக்கேன். அவளோட சேத்துத்தான் அந்தப் பேரத் தருவோம், தனியாத் தர மாட்டோம். அதுவரைக்கும் உங்க பள்ளம் பேரில்லாமலே கிடக்கட்டும்."